5000 ரூபாய்க்குள் ஒரு ரிவெர்ப் பிளக்இன்: எதை வாங்கலாம்?

தக்கலை_தம்பி · இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வீட்டில் வைத்தே ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் செய்து பழகுகிறேன். ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருள்தான் பயன்படுத்துகிறேன், 60 டாலர் உரிமம் போன வருடம் வாங்கிவிட்டேன். லேப்டாப் பழைய ஐ3, ரேம் 8 ஜிபி.

இப்போது எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. முதன்மைக் குரல் ஒரு அக்கா, கோரஸ் நாலு பேர், கீபோர்டு, தபேலா, கிட்டார். குரலை என் அறையிலேயே எடுத்தோம். சுவரில் மெத்தையைச் சாய்த்து, பின்னால் இரண்டு போர்வை தொங்கவிட்டு, மழை விடும் நேரம் பார்த்து. ஐப்பசி மழை ஓட்டுக்கூரையில் இறங்கிவிட்டால் மைக்கை மூடிவைத்துவிட்டு மரச்சீனி அவித்துத் தின்ன வேண்டியதுதான். மூன்று ராத்திரி போனது.

குரல் சுத்தமாக வந்திருக்கிறது, ஆனால் வறட்டுச் சத்தம். அறையின் முழக்கத்தைக் கூட்டுகிற ரிவெர்ப் போட்டால் அக்கா கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுவது மாதிரி இருக்கிறது. குறைத்தால் போட்டதே தெரியவில்லை. ரீப்பரோடு வரும் இலவச ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், மொத்தமும் குழம்பிப் போனது. ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்கிற நல்ல பிளக்இன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் 5000 ரூபாய். எதை வாங்க?

ஈத்தாமொழி_தென்னை · இரவு 11.58

தம்பி, காசைப் பையிலேயே வை. நீ சொல்வதைப் பார்த்தால் குற்றம் பிளக்இன் மேல் இல்லை, போட்ட இடத்தின் மேல்.

எட்டு டிராக்கில் எட்டு ரிவெர்ப் போட்டால் எட்டுப் பேரும் எட்டு அறையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். காது எதை நம்பும்? எல்லாவற்றையும் எடுத்துவிடு. புதிதாக ஒரு டிராக் திற, பெயர் 'ரிவெர்ப்' என்று வை. அதில் ரீப்பரோடு வரும் ரியாவெர்பேட் என்ற ரிவெர்ப் ஒன்று போடு. டிரை (ரிவெர்ப் படாத மூலச் சத்தம்) அளவை அடியோடு இறக்கிவிடு, வெட் (ரிவெர்ப் சத்தம்) மட்டும் இருக்கட்டும். இனி ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் இந்த டிராக்குக்கு ஒரு சென்ட், அதாவது சத்தத்தின் நகலை அனுப்புகிற ஒரு கிளை. குரல் எவ்வளவு போக வேண்டும், தபேலா எவ்வளவு போக வேண்டும் என்பதை சென்ட் அளவில் தீர்மானித்துக்கொள். எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுவார்கள். ஐ3 லேப்டாப்பும் பெருமூச்சு விடாது.

அடுத்தது, இதைச் செய்யாமல் எந்தப் பிளக்இன் வாங்கினாலும் வீண். ரிவெர்புக்கு முன்னால் ஒரு ரியாஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடு. 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 10000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு. அபே ரோடு ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லி எல்லோரும் செய்கிற வேலை இது. அடிக்குரல் ரிவெர்புக்குள் போவதால்தான் கிணறு வருகிறது. 600 அதிகமாகத் தோன்றினால் 400இல் ஆரம்பி. உன் அக்கா குரல் மெல்லியதென்றால் 600 தாங்கும்.

கடைசியாக ப்ரீ-டிலே, குரலுக்கும் ரிவெர்புக்கும் நடுவே விடுகிற சின்ன இடைவெளி. ரியாவெர்பேட்டில் அதற்கு இனிஷியல் டிலே என்று பெயர். நீ அதைப் பூஜ்யத்தில் விட்டிருப்பாய், பந்தயம். பாட்டின் வேகம் என்ன?

தக்கலை_தம்பி · இரவு 12.06

பூஜ்யம்தான் அண்ணே. 84 பிபிஎம், நிமிடத்துக்கு 84 தட்டு.

ஈத்தாமொழி_தென்னை · இரவு 12.15

60000ஐ 84ஆல் வகு. ஒரு தட்டுக்கு 714 மில்லிசெகண்ட். அதைப் பாதி பாதியாக இறக்கிக்கொண்டே வா: 357, 179, 89, 45. குரலுக்கு 45இல் தொடங்கு, போதவில்லை என்றால் 89. அக்காவின் வார்த்தை முதலில் வெளியே வரும், அறை அதன் பின்னால் வரும். வால் நீளத்தையும், அதாவது முழக்கம் மறைய ஆகும் நேரத்தையும், பாட்டுக்கு ஏற்ற மாதிரி வை. இரண்டு தட்டுக்குள் அடங்கினால் நல்லது, உன் வேகத்துக்கு ஏறக்குறைய 1.4 செகண்ட். ரியாவெர்பேட்டில் செகண்ட் கணக்கு கிடையாது, ரூம் சைஸை நகர்த்திக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

ரிவெர்ப் டிராக்கை மட்டும் சோலோ செய்து ரசித்துக்கொண்டு உட்காராதே. தனியாகக் கேட்டால் எல்லா ரிவெர்பும் அழகாகத்தான் இருக்கும், சந்தையில் தனியாக எடுத்துக் காட்டுகிற சேலை மாதிரி.

பெதெஸ்தா_பீட்ஸ் · இரவு 12.31

அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் தம்பி கேட்டது எதை வாங்க என்று. நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: வல்ஹல்லா வின்டேஜ்வெர்ப். 50 டாலர். தள்ளுபடிக்குக் காத்திருக்காதே, அவர்கள் போடுவதில்லை. தீபாவளி, கருப்பு வெள்ளி எல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஷான் கோஸ்டெல்லோ என்கிற மனிதர் ரிவெர்பையே பிழைப்பாகக் கொண்டு நடத்துகிற சின்னக் கம்பெனி அது. நான் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது, மாற்றத் தோன்றியதே இல்லை.

ஏன் என்றால் ஒரே ஜன்னல். அதில் ஒரு பட்டியல்: கான்சர்ட் ஹால், பிளேட் (உலோகத் தகட்டின் முழக்கம்), ரூம், சேம்பர், ஆம்பியன்ஸ் என்று நிறைய. கூடவே நிறம் என்று ஒரு பொத்தான்: 1970கள், 1980கள், இன்று. 70களில் வைத்தால் மேல் அதிர்வெண் வெட்டுப்பட்டுக் கொஞ்சம் மங்கலாக, உருண்டையாக வரும், உன் அக்கா குரலுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 80கள் பளபளப்பு. இன்று என்பது துடைத்து வைத்த கண்ணாடி. 1978இல் வந்த லெக்ஸிகான் 224 போன்ற ரிவெர்ப் பெட்டிகளின் குணத்தைப் பார்த்துச் செய்தது. அந்தப் பெட்டியை வாங்க அந்தக் காலத்தில் சொத்தை விற்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். மிக்ஸ் என்று எழுதியிருக்கும் பெயரைச் சொடுக்கினால் அது பூட்டிக்கொள்ளும். சென்டில் 100இல் வைத்துப் பூட்டிவிட்டு எத்தனை ப்ரீசெட் (தயார் அமைப்பு) மாற்றினாலும் 100இலேயே நிற்கும். பூட்டாமல் மாற்றினால் ப்ரீசெட் தன் இஷ்டத்துக்கு அந்த அளவை மாற்றிவிடும், காய்ந்த குரலும் சேர்ந்து வரும், உனக்கு ஏன் குரல் இரட்டிப்பாகிறது என்றே புரியாது.

தேங்காய்_சிரட்டை · இரவு 12.44

எதற்கு 50 டாலர்? டெலிகிராமில் எல்லாம் சும்மா கிடக்கிறது. தம்பி உள்பெட்டிக்கு வா, சுட்டி தருகிறேன்.

ஈத்தாமொழி_தென்னை · காலை 6.10

இங்கே அந்தக் கடை வேண்டாம், ஓய். ஒரு காலத்தில் நானும் திருட்டுப் பிளக்இன் போட்டவன்தான். ஒரு கல்யாண வீட்டுப் பாட்டு மிக்ஸ், மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். நடுராத்திரியில் கணினியில் இருந்த கோப்பு ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ வால் முளைத்து எதுவும் திறக்கவில்லை. திரையில் ஒரு கடிதம், பணம் அனுப்பு என்று. பதினோரு பாட்டின் மூல டிராக்குகள் அதோடு போயின. கல்யாண வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இலவசம் வேண்டுமானால் நேர்மையான இலவசம் நிறைய இருக்கிறது.

நாகர்கோவில்_லினக்ஸ் · காலை 7.25

அதைத்தான் சொல்ல வந்தேன். டிராகன்ஃபிளை ரிவெர்ப். திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஹால், ரூம், பிளேட், ஆரம்பப் பிரதிபலிப்பு என்று நாலு தனித்தனிப் பிளக்இன். பாடகர் குழுவுக்கு ஹால் போதும், நான் பல கீர்த்தனைகள் அதில் முடித்திருக்கிறேன். ஆரில்ரிவர் என்று இன்னொன்று, அதுவும் இலவசம், அறையின் முதல் பிரதிபலிப்புகளை விதவிதமாக மாற்றலாம். டால் ரிவெர்ப் 4 என்பது 80களின் பிளேட் வாசனை, குமிழ் கொஞ்சம்தான், பழகுவதற்கு எளிது.

வல்ஹல்லாவே 2020இல் சூப்பர்மாசிவ் என்று ஒன்றை இலவசமாக விட்டார்கள். இளைஞர்கள் அதை இறக்கிக்கொண்டு உடனே குரலில் போடுகிறார்கள். அது வேறு ரகம். வானத்தில் மிதக்கிற, நீண்டு ஒலிக்கும் கீபோர்டு பேட் சத்தம், கிட்டார் ஒரு தடவை மீட்டினால் அரை நிமிடம் அலையடிப்பது, அதற்கெல்லாம் அற்புதம். கோயிலில் பாடுகிற அக்கா குரலை அதில் விட்டால் திரும்பிக் கிடைக்காது.

குளச்சல்_ஆல்டோ · காலை 9.02

பாடுகிறவள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? நான் பதினைந்து வருடமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன், மிக்ஸிங் அரைகுறையாகத் தெரியும்.

நீங்கள் எல்லோரும் அறையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு எழுத்துதான் கவலை. தமிழில் 'பாட்டு' என்று பாடும்போது ட்டுக்கு முன்னால் ஒரு கணம் சத்தமே இருக்காது. நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கிற அந்த மௌனம்தான் 'பாட்டு', அது இல்லையென்றால் 'பாடு'. முத்து, பக்கம், அப்பம், எல்லாம் அப்படித்தான். ரிவெர்ப் வால் அந்த இடைவெளிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பிறகு கேட்கிறவர்கள் 'வார்த்தை விளங்கவில்லை' என்கிறார்கள், பாடியவள் உச்சரிப்பைக் குறை சொல்கிறார்கள். எங்கள் பழைய ஆல்பம் ஒன்றில் எனக்கு அதுதான் நடந்தது. ஸ்டுடியோவில் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், திருப்பலி முடிந்து வெளியே வந்தால் மூன்று பேர் அந்த வரி என்ன என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று 'கிறிஸ்து', 'இயேசு'. கிறிஸ்துமஸ் பாட்டில் இந்த இரண்டும் எத்தனை தடவை வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஸுக்கும் சுக்கும் பிளேட் ரிவெர்ப் 'ஸ்ஸ்ஸ்' என்று தூவும், பப்படம் பொரிக்கிற மாதிரி. ரிவெர்புக்குப் போகிற வழியில் 'ஸ்' சத்தத்தை அடக்குகிற டீ-எஸ்ஸர் ஒன்று போடுங்கள். குரல் டிராக்கில் ஒன்று ஏற்கனவே இருந்தாலும் சென்டில் தனியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே போடலாம். அது ரிவெர்பை மட்டும்தான் தொடும், குரல் மொன்னையாகாது.

ஈத்தாமொழி_தென்னை · காலை 9.20

தங்கச்சி, இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், ட்டு விஷயத்தை இப்படி யோசித்ததில்லை. சும்மா இல்லை நம் ஊர் மைக்செட்டில் மலையாளப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் குழம்புவது.

தம்பி, அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரிவெர்ப் டிராக்கின் கடைசியில் ஒரு ரியாகாம்ப் (சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெஸர்) வை. குரல் டிராக்கிலிருந்து இன்னொரு சென்ட் எடுத்து ரிவெர்ப் டிராக்கின் 3/4 சேனலுக்கு அனுப்பு. ரியாகாம்பில் டிடெக்டர் இன்புட்டை ஆக்ஸிலரி என்று மாற்று. அக்கா பாடும்போது ரிவெர்ப் தானாகப் பணிந்து போகும், வரி முடிந்து மூச்சு வாங்கும்போது எழும்பும். 3 டெசிபல் (டிபி), மிஞ்சினால் 4 டிபி இறங்கினால் போதும். ரிலீஸை (அமுக்கியதை விட ஆகும் நேரத்தை) 200 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்தால் ட்டுவுக்கு இடையில் எழும்பி வராது.

மைக்செட்_அண்ணாச்சி · காலை 10.45

திங்கள்சந்தை பக்கம் 32 வருடமாக மைக்செட் போடுகிறேன். கோயில் கொடை, திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு வீடு, எல்லாம். நீங்கள் பேசுகிற பிளக்இன் எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் பாஷையில் எல்லாமே எக்கோதான். 'அண்ணாச்சி எக்கோவ கொஞ்சம் கூட்டுங்க' என்று கேட்காத பாடகரை நான் பார்த்ததில்லை.

தம்பியிடம் ஒரே கேள்வி. இந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது? போனில் என்றால் சரி. ஆனால் டிசம்பரில் குருசடியில், கோயிலில், தெருவில் குழாய் கட்டிப் போடுவார்கள் அல்லவா? குழாயில் அடிச்சத்தம் வராது, மேல் சத்தமும் வராது, மூக்கால் பேசுகிற நடுச்சத்தம் மட்டும்தான். அதுவும் ஒரே சேனல். நீ ஹெட்போனில் இடமும் வலமும் விரித்து வைத்திருக்கிற வேலை எல்லாம் அங்கே மடிந்து ஒன்றாகிவிடும். அதற்கு மேல் நாலு பனைமரத்தில் நாலு குழாய். தூரத்துக் குழாய்ச் சத்தம் தாமதமாக வந்து மேலே விழும். ஊரே ஒரு ரிவெர்ப்தான், தம்பி. நீயும் போட்டு அனுப்பினால் இரண்டு சோற்றுக்கு ஒரு குழம்பா, ஒரு சோற்றுக்கு இரண்டு குழம்பா?

குழித்துறை_இயற்பியல் · மதியம் 1.30

அண்ணாச்சி சொன்னதற்குக் கணக்குத் தருகிறேன். பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன், பழக்கம் விடாது.

முதலில் மோனோ, அதாவது இடமும் வலமும் ஒன்றாகக் கூடிய ஒரே சேனல். நடுவில் இருக்கிற குரல் இடத்திலும் வலத்திலும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டையும் கூட்டினால் 6 டிபி ஏறும். அகலமான ரிவெர்பில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும், கூட்டினால் 3 டிபிதான் ஏறும். ஆக, மோனோவில் குரலோடு ஒப்பிடும்போது ரிவெர்ப் ஏறக்குறைய 3 டிபி இறங்கிக் கேட்கும். இது கெடுதல் இல்லை. ஆனால் மோனோவில் கேட்டு ரிவெர்ப் குறைகிறதே என்று தம்பி ஏற்றிவிடக் கூடாது.

குழாய்த் தாமதம்: ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். 34 மீட்டர் தள்ளி இருக்கும் குழாய் 100 மில்லிசெகண்ட் பிந்தும். ப்ரீ-டிலே என்பதும் இதே கணக்குதான். உங்களுக்கு எதிரே 17 மீட்டரில் சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப 34 மீட்டர், அதே 100 மில்லிசெகண்ட். 45 மில்லிசெகண்ட் வைத்தால் ஏழரை மீட்டரில் சுவர் இருப்பதாகக் காது எண்ணிக்கொள்ளும்.

அடுத்து கோயில். 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபின் என்பவர் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை என்ற புகாரைத் தீர்க்கப் போனார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கி, நிறுத்துகடிகாரம் வைத்து, ஒலி மறைய எத்தனை நொடி என்று அளந்தார். அவர் கண்டது எளிய வாய்பாடு: கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி 60 டிபி இறங்க ஆகும் நேரம்.

ஒரு கோயில் 30 மீட்டர் நீளம், 12 அகலம், 9 உயரம் என்று வைப்போம். 3240 கன மீட்டர். காலியாக இருக்கும்போது 3 செகண்ட் முழங்குகிறது என்றால் உறிஞ்சும் பரப்பு 174 சதுர மீட்டர். கிறிஸ்துமஸ் ராத்திரி 300 பேர் வந்து உட்கார்கிறார்கள். ஆளுக்கு 0.45 என்று வைத்தால் 135 கூடும், மொத்தம் 309. நேரம் 1.7 செகண்டாகச் சுருங்கும். ஆகவே காலிக் கோயிலில் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதே. பட்டுச்சேலையும் சட்டையும் போர்வை மாதிரி வேலை செய்யும்.

பெதெஸ்தா_பீட்ஸ் · மதியம் 2.05

சார், வகுப்பில் இப்படி நடத்தியிருந்தால் நான் பாஸ் ஆகியிருப்பேன்.

தக்கலை_தம்பி · மதியம் 2.20

சாருக்கு நன்றி. எனக்கு ஒரு யோசனை. எங்கள் கோயிலின் ரிவெர்பையே பிடித்து வந்து பாட்டில் போட முடியாதா? கன்வல்யூஷன் என்கிறார்களே, அது.

நாகர்கோவில்_லினக்ஸ் · மதியம் 2.50

முடியும். ரீப்பரில் ரியாவெர்ப் என்று ஒன்று இருக்கிறது, ரியாவெர்பேட் வேறு, இது வேறு. ஒரு இடத்தின் இம்பல்ஸ் கோப்பை, அதாவது அந்த இடத்தின் முழக்கத்தைப் பதிந்த கோப்பைக் கொடுத்தால் அந்த இடத்தில் பாடியது போலச் செய்யும். நான் ஒரு பழைய கோயிலில் அனுமதி வாங்கி பலூன் உடைத்து எடுத்தேன். முதல் பலூன் வெடித்ததும் விட்டத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின, இரண்டு நிமிடம் இறக்கைச் சத்தம். இரண்டாவது பலூனில் வெளியே மீன்காரர் வண்டி ஹாரன். ஐந்தாவதுதான் தேறியது. இன்னும் என் இம்பல்ஸின் வாலில் ஒரு புறா முனகுகிறது. எந்தப் பாட்டில் போட்டாலும் அது கூடவே வரும்.

பலூனைவிட நல்ல வழி ஸ்வீப். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20000 வரை மெதுவாக ஏறும் ஒரு விசில் சத்தத்தை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, அதை மைக்கில் பதிந்து, பிறகு கணக்கால் பிரிப்பது. ஆஞ்சலோ ஃபரினா 2000இல் எழுதிய முறை. பலூனில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை, பின்னணி இரைச்சலும் அடங்கும்.

எனக்குப் பல நாளாக ஆசை, பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தை இப்படி எடுக்க வேண்டும் என்று. கல்தூண், கண்ணாடி போன்ற கருந்தரை. பக்கத்திலேயே மரக்கூரை அறைகள். ஒரே வளாகத்தில் இரண்டு வேறு சத்தம். பலூனோடு போனால் உள்ளே விடுவார்களா என்பது வேறு கதை.

ஈத்தாமொழி_தென்னை · மதியம் 3.15

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் தம்பி, யோசி. கோயிலின் முழக்கத்தைப் பாட்டில் ஏற்றி, அந்தப் பாட்டை அதே கோயிலில் போட்டால் என்ன ஆகும்? 3 செகண்டுக்கு மேல் 3 செகண்ட். அண்ணாச்சியின் குழம்புக் கணக்குதான். யூடியூபுக்கு ஒரு மிக்ஸ், கோயிலுக்கு ஒரு மிக்ஸ் என்று இரண்டு எடு. ரிவெர்ப் சென்ட்டைக் கோயில் மிக்ஸில் பாதியாக்கு. தனி டிராக்கில் வைத்திருப்பதால் ஒரே ஒரு ஃபேடரை இறக்கினால் வேலை முடிந்தது.

வீசுகோல் · மாலை 6.40

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். நான் வில்லுப்பாட்டுப் பதிவுகள் செய்கிறேன். எனக்கும் இதே சந்தேகம்தான், ஆனால் எதிர்ப்பக்கம். குடத்தின் அடிச்சத்தம் ரிவெர்பில் விழுந்தால் மொத்தமும் களிமண். வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் சிலீர் என்று சிதறும். நீளமான ரிவெர்ப் போட்டால் அந்த மணி அடங்குவதே இல்லை, பாட்டு முழுக்க மழைச் சத்தம்.

பல பிளக்இன் மாற்றிப் பார்த்துவிட்டு நான் வந்து நின்ற இடம்: குடத்துக்கு ரிவெர்ப் கிடையாது. உடுக்கைக்கும் அண்ணாவியார் குரலுக்கும் அரை செகண்டுக்குள் ஒரு சின்ன அறை, ஆம்பியன்ஸ் வகை. வில்லுக்கு அதே அறை, ஆனால் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி. திறந்த வெளியில், கொடைப் பந்தலில் பாடுகிற கலைக்கு ஐரோப்பிய ஹால் எதற்கு என்று தோன்றியது. பந்தலில் எதிரொலிக்கத் தகரமும் ஓலையும்தானே இருக்கிறது. யாராவது வேறு மாதிரி செய்தீர்களா?

குளச்சல்_ஆல்டோ · மாலை 7.15

அண்ணே, வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்களே, அதற்கு மட்டும் கூடுதலாக ரிவெர்ப் கொடுத்துப் பாருங்கள். அண்ணாவியார் முன்னால், ஆமா பின்னால். ஆழம் அங்கே கிடைத்துவிடும். எங்கள் கோரஸுக்கும் நான் அப்படித்தான் கேட்பேன். முதன்மைக் குரலுக்கு நீண்ட ப்ரீ-டிலே, கோரஸுக்கு ப்ரீ-டிலே ஏறக்குறைய இல்லை. ப்ரீ-டிலே குறைந்தால் ஆள் பின்னால் போய் நிற்பார்.

வீசுகோல் · மாலை 7.22

ஆமா! (தானாக வந்துவிட்டது.) இன்றைக்கே பார்க்கிறேன்.

தக்கலை_தம்பி · ஒன்பது நாள் கழித்து, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி, தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் வாரம் ஒன்றும் வாங்கவில்லை. ரியாவெர்பேட்டையே ஒரு டிராக்கில் வைத்து, 500க்குக் கீழே வெட்டி, ப்ரீ-டிலே 45 வைத்து, டீ-எஸ்ஸர், 3/4 சேனல் வேலை எல்லாம் செய்தேன். பாதிக் கிணறு அன்றைக்கே தூர்ந்தது. 'பிறந்திட்டார்' என்ற வார்த்தை முதல்முறையாக ட்டோடு கேட்டது. பிறகு டிராகன்ஃபிளை ஹால் போட்டுப் பார்த்தேன், கோரஸ் அதில் நன்றாக உட்கார்ந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வின்டேஜ்வெர்ப் டெமோ இறக்கி, 70கள் நிறத்தில் பிளேட் வைத்து அக்கா குரலில் மட்டும் போட்டேன். வித்தியாசம் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ரியாவெர்பேட்டின் வாலில் ஒரு தகரக் கிறுகிறுப்பு இருந்தது, அது போய்விட்டது. சம்பளம் வந்ததும் வாங்கினேன். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடி இருந்ததால் இரண்டு தடவை திரும்பியது, வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட்டதும் போனது. வாங்குகிறவர்கள் அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸ் பெயரைச் சொடுக்கிப் பூட்டியும் விட்டேன்.

நேற்று கோயிலில் போட்டுப் பார்க்கப் போனோம். ரிவெர்ப் பாதியாக்கிய மிக்ஸ்தான் கொண்டு போனேன். போட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பழைய கிணறு அப்படியே! அக்கா என்னைப் பார்க்கிறார், நான் லேப்டாப்பைப் பார்க்கிறேன். சார் சொன்ன மாதிரி காலிக் கோயில் என்பதாலா என்று யோசித்தால் அதைவிட அதிகமாக இருந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது. மிக்ஸர் ஆம்ப்ளிஃபயரில் எக்கோ குமிழ் முக்கால் சுற்றில் நிற்கிறது. அதை யாரும் தொடக் கூடாது என்று மேலே குறுக்காக நீல இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள். உரித்து, பூஜ்யத்துக்கு இறக்கியதும் பாட்டு வந்தது.

மைக்செட்_அண்ணாச்சி · இரவு 10.30

எந்தக் கோயில் மக்கா? மணிமேடை பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் மர அலமாரிக்குள்ளே இருக்குமே, அதுவா?

தக்கலை_தம்பி · இரவு 10.33

ஆமா அண்ணாச்சி, அதேதான். எப்படித் தெரியும்?

மைக்செட்_அண்ணாச்சி · இரவு 10.41

அந்த டேப் நான் ஒட்டியது. எக்கோ இல்லாமல் வாசகம் வாசிக்க மாட்டேன் என்று ஒருத்தர் ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. பாட்டு முடிந்ததும் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்.